முப்பத்தோராம் வரிசை, எட்டாம் இருக்கை

திங்கட்கிழமை பத்து மணி இடைவேளையில் யான்சி தன் கைபேசியை மேஜை நடுவில் வைத்து, "எல்லாரும் வந்து பாருங்கடா, திருட்டுப் பய மூஞ்சியை" என்றான்.

பத்துப் பன்னிரண்டு தலைகள் குனிந்தன. நானும் குனிந்தேன். குனியாமல் இருந்தால் ஏன் குனியவில்லை என்று கேட்பான்.

படத்தில் டோம்பிக்பி கல்லூரிக் கால்பந்து மைதானத்தின் மேற்குப் பக்கம். ஆயிரம் பேர் இருக்கும். அத்தனை பேரும் அரக்குச் சட்டையில், எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கியிருக்கிறார்கள். அவர்கள் அணி அப்போதுதான் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்திருக்கிறது. எல்லார் பார்வையும் இடது கோடியில். நடுவில் ஒரே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். சாம்பல் நிறக் கோட்டு. கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். அது டச் டவுன் பக்கம் திரும்பவே இல்லை. நேர் எதிரே, கோச்சுகள் நிற்கிற மைதானக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முகம் கைபேசிக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒரு காது மட்டும் தெரிந்தது.

அது என் காது.

பக்கத்தில் நிற்பவளின் முகத்தை முன் வரிசைக்காரனின் தூக்கிய கை மறைத்திருந்தது. தொப்பியின் நுனியில் ஒரு நூல் குஞ்சம் மட்டும் தெரிந்தது. அந்தக் குஞ்சத்தைப் பின்னியவள் என் மனைவி வெர்லீன்.

விஷயம் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் வெடித்திருந்தது. எங்கள் கஹாபா கல்லூரி அணி, கொக்குகள் என்று பெயர், இரண்டு வருடமாக மற்ற அணிகளின் ஆட்டங்களுக்கு ஆளனுப்பி அவர்களுடைய கோச்சுகளின் கைச்சைகையைப் படம் பிடித்துவந்ததாம். மூக்கைத் தொட்டால் ஓட்டம், தோளைத் தட்டினால் வீச்சு என்று ஒவ்வொன்றும் எழுதி வைத்துக்கொண்டு ஆடினார்களாம். முன்கூட்டியே போய்ப் படம் எடுப்பது தடை. எடுத்தவர்கள் யார் யார் என்று விசாரணை. இந்தச் சனிக்கிழமையோ கொக்குகளுக்கும் டோம்பிக்பி கழுதைகளுக்கும் வருட ஆட்டம். அலபாமாவில் அந்தச் சனிக்கிழமை கல்யாணம் வைக்கமாட்டார்கள். செத்தவரைக்கூட ஞாயிறுவரை காத்திருக்கச் சொல்வார்கள்.

"கண்ணால பாத்து சைகையை கண்டுபிடிச்சா கெட்டிக்காரத்தனம். போன்ல பாத்தா மட்டும் திருட்டா?" என்றான் டாய்ல். அவன் என்னைப் போலக் கொக்குக் கட்சி.

"சீட்டாட்டத்துல எதிராளி கையை எட்டிப் பாக்குறது வேற டாய்லு. முந்தின நாளே அவன் வீட்டுக்குள்ள பூந்து அவன் முதுகுக்குப் பின்னால கண்ணாடி மாட்டிட்டு வர்றது வேற" என்றான் கழுதைக் கட்சி யான்சி.

"எல்லாரும்தான்டா பண்றாங்க. உங்க கழுதைங்க என்ன, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பிரசங்கமா பண்றாங்க?"

"ஒம்பது வருஷம் விடாம ஒதை வாங்கினீங்க. திடீர்னு ரெண்டு வருஷமா கொக்குக்கு ஞானம் வந்துருச்சோ?"

"புது கோச் வந்தாருப்பா."

"கோச்சு வரல. கேமரா வந்துச்சு!"

கழுதைக் கட்சி மேஜையைத் தட்டியது. எங்கள் பட்டறையில் வார்ப்புக் குழாய் செய்கிறோம். உலைக்காரர்கள், வார்ப்புக்காரர்கள், என்னைப் போல ஆறின குழாயிலிருந்து மணலைத் தட்டி எடுப்பவர்கள் எல்லோரும் இரண்டு கட்சி. தோற்ற கட்சிக்காரன் ஜெயித்த கட்சியின் ஒட்டுப்படத்தைத் தன் ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உரிக்கக்கூடாது. வருடத்துக்கு ஒன்று சேரும். என் ஹெல்மெட்டில் ஒன்பது கழுதைகள். முன்னால் நான்கு, பக்கத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று. யான்சி ஹெல்மெட்டில் இரண்டு கொக்குகள் இருந்தன. அவை அவனை எவ்வளவு அரித்தன என்பது அவன் அவற்றைத் தொடாமல் ஹெல்மெட்டைக் கழற்றும் விதத்தில் தெரியும்.

"அந்த கோட்டைப் பாருங்கடா" என்றார் யாரோ. "நம்ம கம்பெனி கோட்டு மாதிரி இல்ல?"

சுவரில் ஏழு சாம்பல் கோட்டுகள் தொங்கின. மூன்றாவது என்னுடையது.

யான்சி படத்தைப் பெரிதாக்கினான். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினான். "ஹாலிஸ், நீ வெர்லீனோட கழுதை ஆட்டத்துக்கு போவே இல்ல?"

நான் ரொட்டியை இன்னொரு கடி கடித்தேன்.

"போவான்" என்று அவனே பதில் சொன்னான். "ஆனா போன்ல அலாரம் வெக்கவே இவனுக்கு நான்தானே சொல்லிக் குடுக்கணும்! உளவு பாக்குறதுக்கு இவனையா புடிப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை அவர்கள் எவ்வளவு மட்டமாக நினைத்தார்கள் என்பது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

*

அந்த இருக்கைகள் வெர்லீனின் அப்பா ஆர்டிஸ் விட்டுப்போனவை. முப்பத்தோராம் வரிசை, ஏழும் எட்டும். ஐம்பது யார்டு நடுக்கோட்டுக்கு நேர் மேலே, எதிரே கழுதைகளின் பெஞ்சு. டோம்பிக்பியில் அப்படிப்பட்ட இருக்கை, வைத்திருப்பவர் செத்தால்தான் கை மாறும். ஆர்டிஸ் படுக்கையில் கிடந்தபோது வெர்லீனைக் கூப்பிட்டு, "என் சீட்டுல கொக்குப் பயல உக்கார வெக்காதே" என்று சொன்னார். நான் கட்டிலின் மறுபக்கம்தான் நின்றிருந்தேன்.

"அவரு கத்தமாட்டாருப்பா" என்றாள் வெர்லீன். "கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நான் பொறுப்பு."

அப்படித்தான் பதினோரு வருடம் உட்கார்ந்தேன். நீலமும் போடமாட்டேன், அரக்கும் போடமாட்டேன், பட்டறைக் கோட்டுதான். அவர்கள் அடித்தால் கைதட்டமாட்டேன். அவர்கள் பந்தைக் கோட்டைவிட்டால் சிரிக்கமாட்டேன். சுற்றியிருந்தவர்களுக்கு அது தெரியும். "வெர்லீனோட மரத்தூண் வந்தாச்சு" என்று சொல்லி எனக்கு வேர்க்கடலை நீட்டுவார்கள்.

மூன்று வருடம் முன்னால் பட்டறை வாசலில் இருக்கிற பார்பிக்யூ கடையில் லான்ஃபோர்ட் என்கிறவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கொக்கு அணியின் கோச்சுக் கூட்டத்தில் வேலை, கழுத்தில் அட்டை தொங்கியது. என் ஹெல்மெட்டைப் பார்த்தார். அப்போது அதில் ஒன்பதாவது கழுதையை ஒட்டிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

"இவ்வளவு பொறுமையா அண்ணே உங்களுக்கு?" என்றார். "நீங்க எங்க உக்காருறீங்கன்னு கேள்விப்பட்டேன். சும்மா போனை அப்படி நேரா புடிங்க. ஆட்டத்தை எடுக்க வேணாம். கரையை எடுங்க. ஒரு ரசிகர் படம் எடுக்குறாரு, அவ்வளவுதான்."

நான் காசு வாங்கவில்லை. அவரும் தருவதாகச் சொல்லவில்லை. ஒரு நாள் பயிற்சியின்போது கரையில் நிற்க விட்டார்கள். கோச் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நம்ம ஆளு" என்றார். முப்பது வருடமாக அந்த அணிக்காகத் தொண்டை கட்டியவனை அணியில் ஒருத்தர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது போதும் என்று நினைத்தேன்.

வெர்லீன் கேட்டபோது, "பேண்டு வாத்தியத்தை எடுக்குறேன்" என்றேன். அவள் ஆட்டத்தைப் பார்ப்பவள். அவளிடம் இருப்பது மடக்குகிற பழைய போன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதே சமையலறையில் வானொலி கத்திக்கொண்டிருந்தது. டெல்பர்ட்டின் நிகழ்ச்சி. மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மாநிலமே போன் போட்டுச் சண்டை போடும்.

"அவங்க ஜெயிச்ச ரெண்டு வருஷத்தையும் புத்தகத்துலேருந்து அழிக்கணும் டெல்பர்ட்!"

"அழிச்சா ஆட்டம் நடக்கலைன்னு ஆயிடுமா? நான் பாத்தேனே, நாப்பத்தியோரு பாயிண்டு! கழுதை அழுததையும் பாத்தேன்!"

"போனை வைப்பா, கொக்கு! அடுத்தது யாரு?"

வெர்லீன் சோள ரொட்டி மாவைப் பிசைந்தபடி வானொலியிடமே பேசிக்கொண்டிருந்தாள். "அழுதோம்டா, ஆமாம் அழுதோம். அந்த ரெண்டு வருஷமும் எங்க கோச் வேலை போயிருமோன்னு அழுதோம்."

நான் சிங்கில் கை கழுவினேன். மணல் நகக்கண்ணைவிட்டுப் போகாது, தெரிந்தும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்து பேசியது ஒரு பெண். "அந்த சாம்பல் கோட்டுக்காரனை விடுங்க டெல்பர்ட். பக்கத்துல ஒருத்தி நிக்கிறா பாருங்க. அரக்கு போட்டுக்கிட்டு நம்ம ஆளு மாதிரி. அவ சீட்டாத்தான் இருக்கும். அவளும் கூட்டு."

"அதுவும் சரிதான்" என்றாள் வெர்லீன். கையிலிருந்த மாவைத் தட்டினாள். "ரெண்டு வருஷம். பக்கத்துல உக்காந்திருக்கிறவளுக்கு தெரியாமலா இருக்கும்? எங்கப்பா இருந்தா அவளை முப்பது வரிசையும் உருட்டி விட்டிருப்பாரு."

"தெரியாமலும் இருக்கலாம்" என்றேன்.

"கொக்கு கொக்குக்கு பரிஞ்சு பேசும்" என்று மாவு விரலால் என் மூக்கில் தொட்டாள். அவளுக்கு அன்றைக்கு நல்ல மனநிலை. ஊரே தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்கிற வாரம் வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்?

வெளியே வண்டிக்குள் போய் லான்ஃபோர்டைக் கூப்பிட்டேன். இரண்டாவது தடவை எடுத்தார்.

"லான்ஃபோர்ட் சார், ஹாலிஸ் பேசுறேன். முப்பத்தோராம் வரிசை."

"தப்பான நம்பர் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது அந்த எண் வேலை செய்யவில்லை.

*

புதன்கிழமை கடிதம் வந்தது.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். அதற்குமுன் வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் வெர்லீன்தான் படிப்பாள். நான் படிக்கக் கற்றுக்கொண்ட அன்று அவள் தபால்பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்து, "இனிமே நீதான் எனக்கு படிச்சுக் காட்டணும்" என்றாள். பழக்கத்துக்காகச் சொன்னது, வழக்கமாகிவிட்டது. எட்டு வருடமாகச் சாயங்காலம் காப்பியோடு உட்காருவாள். நான் உரக்கப் படிப்பேன், கரண்ட் பில்லைக்கூட. நடுவில் தடுக்கினால் காத்திருப்பாள், எடுத்துக் கொடுக்கமாட்டாள்.

உறையின் மேல் டோம்பிக்பி கல்லூரியின் அரக்கு முத்திரை. மேலே வெர்லீன் பெயர்.

"என்ன அது, கல்லூரியிலேருந்தா? படி, படி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பிரித்தேன். மேற்குப் பக்கம், வரிசை முப்பத்தொன்று, இருக்கைகள் ஏழு மற்றும் எட்டு. தங்கள் பெயரில் உள்ள இருக்கையிலிருந்து விதியை மீறிப் படம் பிடிக்கப்பட்டதற்குச் சான்று கிடைத்துள்ளது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் தாங்கள் விளக்கம் அளிக்காவிடில் இரண்டு இருக்கைகளும் நிரந்தரமாக ரத்து செய்யப்படும்.

படத்தில் வரிசையை எண்ணியிருக்கிறார்கள். அவ்வளவுதான். எண்ணத் தெரிந்தவன் எவனும் கண்டுபிடித்திருப்பான்.

"அன்புள்ள வெர்லீன் அவர்களுக்கு" என்று படித்தேன். அதுவரைக்கும் தாளில் இருந்தது. "அடுத்த... அடுத்த வருடத்துக்கான இருக்கைகளைத் தாங்கள்... தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்புவீர்கள் என்று நம்புகிறோம்."

"வருஷா வருஷம் ஜனவரியிலதானே வரும்?"

"இந்த வருஷம் சீக்கிரமாம்."

"வேற?"

"சனிக்கிழமை ஆட்டத்துக்கு... வாழ்த்துகள்."

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை, குறுக்கே பேசவில்லை. நான் திணறியதைக் கடினமான வார்த்தை என்று நினைத்துக் காத்திருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது. தாளை மடித்து கோட்டின் உள்பையில் வைத்தேன். "அழகா படிச்சே" என்று காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

*

வியாழக்கிழமை நன்றி நாள். நாங்கள் இரண்டு பேர்தான். சிறிய வான்கோழி, அதற்குள் சோள ரொட்டித் திணிப்பு, பெக்கான் கொட்டை இனிப்பு. சாப்பிடுமுன் ஆளுக்கு ஒன்றுக்கு நன்றி சொல்லவேண்டும். பக்கத்து நாற்காலியில் அவள் அப்பாவின் அரக்கு நிறத் திண்டு. சனிக்கிழமை மைதானத்துக்குக் கொண்டுபோக இப்போதே தூசி தட்டி வைத்திருந்தாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "அப்பா விட்டுட்டு போன ரெண்டு சீட்டுக்கு நன்றி ஆண்டவரே. அதுல ஒண்ணுல பதினோரு வருஷமா கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற இந்த கொக்கு மனுஷனுக்கும் நன்றி."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "உன் முறை."

"எல்லாத்துக்கும்" என்றேன்.

"எல்லாத்துக்கும்னா கணக்கில்ல. ஒண்ணு சொல்லு."

"சாப்பாடு ஆறுது வெர்லீன்."

அவள் சிரித்துவிட்டு வான்கோழியை வெட்டினாள். எனக்குச் சனிக்கிழமை நினைப்புதான். மைதான வாசலில் நிற்போம், நுழைவுச் சீட்டைக் கருவியில் காட்டுவாள், சிவப்பு விளக்கு எரியும். அவள் பின்னால் அறுபதாயிரம் பேர் நிற்பார்கள். அதில் பாதிப்பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள். பக்கத்தில் நிற்பவளும் கூட்டு என்று அவளே சொன்னாளே, அந்தப் பக்கத்தில் நிற்பவள் அவள்தான்.

*

வெள்ளிக்கிழமை டயர் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு நாற்பது மைல் ஓட்டினேன். மைதானத்துக்குக் கீழே இருக்கை அலுவலகம். திருமதி பெட்டிஸ் என்கிற அம்மாள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். மேஜையின் மேல் அதே படம், பெரிதாக்கியது. என் காதைச் சுற்றி ஒரு வட்டம்.

மூன்று மணி பத்து நிமிடம்.

"நான்தான் மேடம் அது" என்றேன்.

அவர் படத்தையும் என் காதையும் பார்த்தார். "நீங்க இருக்கைக்கு உரிமையாளர் இல்லையே?"

"என் பொண்டாட்டி பேருல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த வாரம் வந்த லெட்டர்ல என்ன இருக்குன்னுகூட தெரியாது."

"லெட்டர் அவங்க பேருக்குத்தானே அனுப்பினோம்?"

"வீட்டுல லெட்டர் படிக்கிறது நான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பேர், ஊர், லான்ஃபோர்ட் எப்போது வந்தார், என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இரண்டு பக்கம் ஆனது. நான் கையெழுத்துப் போட்டேன்.

"இது போதுமா மேடம்? சீட்டு அவளுக்கு இருக்குமா?"

"உங்க வாக்குமூலம் உங்களுக்கு. நீங்க இனிமே இந்த மைதானத்துக்குள்ள கால் வைக்க முடியாது, அது முடிஞ்சது. ஆனா இருக்கை அவங்களோடது. யாரை பக்கத்துல உக்கார வெச்சாங்களோ அந்த ஆளுக்கு அவங்கதான் பொறுப்பு. விதி அது." என் வாக்குமூலத்தின் நகலையும் இன்னொரு தாளையும் உறையில் போட்டு என் பக்கம் தள்ளினார். "'இவரோட வாக்குமூலத்தை படிச்சேன், எனக்கு இது தெரியாது'ன்னு அவங்களே எழுதி கையெழுத்து போடணும். நாலு மணி கெடுவை நாளைக்கு காலையில வாசல் திறக்கிற வரைக்கும் தள்ளிவைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"நான் சொல்லி நீங்க எழுதிக்கிட்டா..."

"ஐயா" என்றார். "உங்க பொண்டாட்டிக்காக நீங்க ஏற்கெனவே ஒரு லெட்டரை படிச்சுட்டீங்க."

*

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். வெர்லீன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டயரைப் பற்றிக் கேட்டாள். மாற்றவில்லை என்றேன். கையில் இருந்த உறையில் அரக்கு முத்திரையைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இன்னொண்ணா? படி."

"நீ படிக்கிறியா?"

"ஏன், கண்ணாடி எங்க உனக்கு?"

கண்ணாடி சட்டைப்பையிலேயே இருந்தது. போட்டுக்கொண்டேன். உட்காரவில்லை, நின்றபடியே படித்தேன்.

"ஹாலிஸ் ஆகிய நான், இரண்டு வருடங்களில் பதினோரு ஆட்டங்களில், முப்பத்தோராம் வரிசை எட்டாம் இருக்கையிலிருந்து..."

ஒரு வார்த்தைகூட விடவில்லை. வேகமாகவும் போகவில்லை. 'வாக்குமூலம்' என்ற இடத்தில் தடுக்கியது. அவள் காத்திருந்தாள். பேண்டு வாத்தியத்தை எடுப்பதாக மனைவியிடம் சொன்னேன் என்ற வரி வந்தபோது அவள் கை இஸ்திரி மேஜையின் விளிம்பைப் பிடித்தது. முடிந்ததும் வானொலியை அணைத்தாள். அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"புதன்கிழமை வந்தது?"

கோட்டின் உள்பையிலிருந்து எடுத்தேன். கையை நீட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டவில்லை.

"அதையும் படி. இந்த வாட்டி அதுல இருக்கிறதை."

படித்தேன்.

"அந்த படத்துல குஞ்சம் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது."

"வானொலி கேட்டுக்கிட்டே அவளை உருட்டி விடணும்னு நான்தானே சொன்னேன். நீ சிங்குகிட்ட நின்னுக்கிட்டு கேட்டுக்கிட்டிருந்தே."

"வெர்லீன்..."

"நீ படம் எடுத்தேன்னு எனக்கு ஆத்திரம் இல்லேன்னு நெனைக்காதே, இருக்கு. கொக்கு கொத்தத்தான் செய்யும், அதை எங்கப்பா சொன்னாரு, நான்தான் கேக்கல. ஆனா இந்த மேஜையில உக்காந்து ஒரு தாளை பாத்து வேற எதையோ படிச்சியே ஹாலிஸ்." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "நான் உனக்காக காத்துக்கிட்டிருந்தேன். கஷ்டமான வார்த்தைன்னு நெனைச்சேன்."

பேனாவை எடுத்தாள். உறையில் இருந்த மற்றத் தாளில் எனக்குத் தெரியாது என்று எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்த ஆளின் பெயர் என்ற இடத்தில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, கடைக்குட்டிக்கு எழுதிக் காட்டுவதுபோலப் பெரிதாக எழுதினாள். அந்தத் தாள் போனால் திங்கட்கிழமை பட்டறையில் என் பெயர் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

*

சனிக்கிழமை அவளை வாசலில் இறக்கிவிட்டேன். திண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொப்பி இல்லாமல் போனாள். தூரத்திலிருந்து பார்த்தேன். அலுவலகச் சன்னலில் தாளைக் கொடுத்தாள். அப்புறம் வாசலில் சீட்டைக் காட்டினாள். பச்சை எரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து வானொலியில் கேட்டேன். எல்லா அணியும் சைகையை மாற்றிவிட்டது, எவருக்கும் எவர் கையும் தெரியாது. இரண்டாம் பாதியில் மழை. கடைசி நிமிடத்தில் எங்கள் பையன் ஒருத்தன் மூன்று பேரை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினான். கொக்குகள் நான்கு பாயிண்டில் ஜெயித்தார்கள். யாரும் படம் எடுக்கவில்லை, யாரும் உதவவில்லை. சும்மாவே ஜெயித்தார்கள். நான் கைதட்டவில்லை. குனிந்து பார்த்தபோது என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

அவள் நனைந்து வந்து ஏறினாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"எட்டாம் சீட்டு எங்கன்னு பக்கத்துல எல்லாரும் கேட்டாங்க. மரத்தூண் வரலியான்னு."

"என்ன சொன்னே?"

"வரமாட்டாருன்னேன்."

*

ஞாயிற்றுக்கிழமை பெயர் செய்தித்தாளில் வந்தது. திங்கட்கிழமை இடைவேளை அறையில் யாரும் எனக்கு இடம் விடவில்லை. கொக்குக் கட்சி டாய்ல்கூட நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். எங்கள் இரண்டு வருடத்தை அசிங்கமாக்கியவன் நான்தானே. கழுதைகளைவிட அவனுக்குத்தான் என் மேல் ஆத்திரம் அதிகம்.

என் சாப்பாட்டுப் பெட்டி மேஜையில் இருந்தது. மூடியின் மேல் நீலக் கொக்குகள். பட்டறையில் இருந்த ஒவ்வொரு கழுதைக் கட்சிக்காரனின் ஹெல்மெட்டிலிருந்தும் கத்தியால் சுரண்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். கிழிந்தவை, பாதிக் கால் போனவை, அலகு இல்லாதவை. பெட்டியின் நிறமே தெரியவில்லை.

யான்சி எழுந்து வந்தான். அவன் ஹெல்மெட்டில் ஒரே ஒரு கொக்கு இருந்தது. புதியது, நேராக ஒட்டியது.

"இது சனிக்கிழமையோடது" என்றான். "சுத்தமா ஜெயிச்சாங்க, சுமந்துக்குறேன். அந்த பழசு ரெண்டும் உன்னோடது. நீயே வெச்சுக்க."

"சரி யான்சி."

"உன்னால அலாரம்கூட வெக்க முடியாதுன்னு சொன்னேன்டா நான். எல்லார் முன்னாலயும்." அவன் ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டு வெளியே போனான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வண்டியை நிறுத்தும்போது வெர்லீன் தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சாவி அவள் கையில் இருந்தது. நான் எப்போதும் மாட்டிவைக்கிற ஆணியிலிருந்து எடுத்திருக்கிறாள். இரண்டு உறைகள் வந்திருந்தன. ஒன்றைக் கிழித்து, அங்கேயே நின்று, உதடு அசையாமல் படித்தாள். மடித்து உறைக்குள் போட்டாள். அடுத்ததைக் கிழித்தாள்.

நான் வண்டியிலிருந்து இறங்காமல், அவள் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.